யமுனைக் கரையில் நிதி திரட்டும் ஓட்டம்: ஓட்ட நாள் ஏற்பாட்டில் எதை விட்டுவிட்டோம்?

கிழக்குக்கரை எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். மயூர் விஹாரிலிருந்து எழுதுகிறேன். ஞாயிறு காலையில் சேர்ந்து ஓடும் தமிழர்கள் நாங்கள் பதினான்கு பேர் இருக்கிறோம். பிப்ரவரி கடைசி ஞாயிறன்று யமுனையின் கிழக்குக் கரையில், பழைய இரும்புப் பாலத்துக்கும் ஐடிஓ தடுப்பணைக்கும் நடுவில், அசிதா பூங்கா பக்கமாகப் போகும் நடைபாதையில் ஒரு மராத்தான் நடத்தி நிதி திரட்டலாம் என்று இருக்கிறோம்.

பணம் யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரமாக இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள், பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள், தலைமுறைகளாக அங்கேயே இருந்து அக்கம்பக்கத்தில் வீட்டு வேலை பார்த்து வந்தவர்கள். 189 குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள், அது டெல்லியின் வடமேற்குக் கோடி. எங்களில் சிலர் வீட்டில் வேலை பார்த்த அக்காக்களின் பிள்ளைகள் பழைய தமிழ்ப் பள்ளியை விட மனமில்லாமல் விடியும் முன்பே கிளம்பிப் பஸ் மாறி மாறி வருகிறார்கள். அவர்களின் போக்குவரத்துச் செலவுக்கும் படிப்புச் செலவுக்கும்தான் இந்த ஓட்டம்.

இப்போது விஷயம். பாதை ஏறக்குறைய 3.5 கி.மீ., அகலம் மூன்று மீட்டர், சில இடங்களில் அதுவும் இல்லை. 42 கி.மீ., 21 கி.மீ., 10, 5 என்று நான்கு பிரிவு யோசித்தோம். மொத்தம் 350 பேர் எதிர்பார்க்கிறோம். டி-ஷர்ட், பதக்கம், மேடை, மைக் செட், சாப்பாடு எல்லாவற்றுக்கும் பொறுப்பு பிரித்தாகிவிட்டது. தண்ணீர் மேஜை எத்தனை, ஆம்புலன்ஸை எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதில்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பெரிய ஓட்டங்களில் நாங்கள் ஓடியிருக்கிறோமே தவிர நடத்தியதில்லை. நடத்தியவர்கள் யாராவது இருந்தால் எங்கள் திட்டத்தில் ஓட்டை எங்கே என்று தயவுசெய்து சொல்லுங்கள்.


புஷ்தாரோடு எழுதியது:

தம்பி, நல்ல காரியம். நான் ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலுமாக ஐந்து ஓட்டங்களுக்கு ஏற்பாட்டு வேலை பார்த்தவன், அதில் ஒன்றில் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

அது இதே மாதிரி கரையோரப் பாதை. எட்டாவது கிலோமீட்டரில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் சரிந்து விழுந்தார். ஆம்புலன்ஸ் இருந்தது, டாக்டர் இருந்தார், எல்லாம் தொடக்கக் கோட்டில் மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. வண்டி பாதைக்குள் நுழைய முடியவில்லை, வாசலில் பைக் போகக் கூடாது என்று நட்டிருந்த இரும்புத் தூண்கள். அடுத்த வாசலுக்குச் சுற்றிப் போனால் பூட்டு, சாவி வைத்திருந்த காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார். கூட ஓடியவர்கள் ஒரு விளம்பரப் பேனரைக் கழற்றி அதில் அவரைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பதினான்கு நிமிடம். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பதினான்கு நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

சாலையில் ஓடும் ஓட்டத்துக்கும் கரையில் ஓடும் ஓட்டத்துக்கும் இதுதான் வித்தியாசம். சாலையில் எந்தச் சந்திலிருந்தும் வண்டி வரலாம். கரையில் ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் மேடும் வேலியும், உள்ளே வர மூன்று நான்கு வாசல்தான். அதனால் மேடை, மைக் செட்டை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியிலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள்: பாதையின் எந்த இடத்தில் ஒருவர் விழுந்தாலும் அவரை எந்த வழியாக, எதில் வைத்து, யார் வெளியே கொண்டு வருவார்கள்? இதற்கு ஒவ்வொரு அரை கிலோமீட்டருக்கும் பதில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எப்படி என்றால், அரை கிலோமீட்டருக்கு ஒரு பலகை, 1, 2, 3 என்று பெரிய எழுத்தில் எண். விழுந்தவரைப் பார்ப்பவர் தன்னார்வலராக இருக்க மாட்டார், பக்கத்தில் ஓடுகிறவராகத்தான் இருப்பார், அவருக்கு "மூங்கில் புதர் தாண்டி" என்று சொல்லத் தெரியாது, "பலகை 5க்கும் 6க்கும் நடுவில்" என்று சொல்லத் தெரியும். அழைக்க வேண்டிய எண்ணை பிப்பிலேயே (நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) அச்சடித்துவிடுங்கள், 112 இரண்டாவதாக இருக்கட்டும். ஆம்புலன்ஸ் உள்ளே வராது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். பேட்டரி ரிக்‌ஷா இரண்டு வாடகைக்கு எடுத்து, பின் சீட்டைக் கழற்றிப் பலகை போட்டு, ஒன்றை நடுவிலும் ஒன்றைத் திரும்பும் முனையிலும் நிறுத்துங்கள். மூன்று மீட்டர் பாதையில் ஓடுகிறவர்களை நிறுத்தாமலே அது போய்விடும். அனுமதிக் கடிதத்தில் இதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், மறக்காதீர்கள். வாசல் சாவி காவலாளியிடம் இருக்கக் கூடாது, அன்று காலை மட்டும் உங்கள் ஆள் ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

அடுத்து, 42 கி.மீ.யை விட்டுவிடுங்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும், மராத்தான் என்று போஸ்டர் போட ஆசை இருக்கும். 3.5 கி.மீ. பாதையில் போய் வந்தால் 7, ஆறு முறை போய் வர வேண்டும். கடைசி ஆள் வர ஆறு மணி நேரம் ஆகும், அதுவரை தண்ணீர், டாக்டர், தன்னார்வலர் எல்லோரும் நிற்க வேண்டும், பத்து மணிக்கு மேல் பூங்காவுக்கு வருகிற குடும்பங்கள் வேறு பாதையில் இறங்கிவிடும். 350 பேரில் 42 ஓடப் போவது இருபது பேர்தான். 21 போதும். மூன்று சுற்று, அந்த மீதி 97.5 மீட்டருக்குத் தொடக்கக் கோட்டை முடிவுக் கோட்டுக்கு அவ்வளவு பின்னால் தள்ளிப் போட்டால் கணக்கு சரியாகிவிடும்.

எல்லோரையும் ஒன்றாக விடாதீர்கள். அகலம் குறைந்த பாதையில் எதிரும் புதிருமாக ஓடும்போது முதல் கிலோமீட்டரில்தான் இடித்துக்கொண்டு விழுவார்கள். அறுபது பேராக மூன்று நிமிட இடைவெளியில் விடுங்கள், 21 ஓடுகிறவர்கள் முதலில், நடக்கிறவர்களும் பிள்ளைகளும் கடைசியில். போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் இடது பக்கம் என்று ஒரே விதி, நடுவில் சுண்ணாம்புக் கோடு.

பாதையை அளந்துவிட்டீர்களா? கைக்கடிகார ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள், மரத்தடியில் அது தாறுமாறாகக் காட்டும். சைக்கிள் முறைதான் சரி. நேரான சாலையில் 300 மீட்டரை இரும்பு டேப்பால் அளந்து, அதில் சைக்கிளை ஓட்டி சக்கரச் சுற்றுக் கணக்கு எடுத்து, அதை வைத்துப் பாதையை அளக்க வேண்டும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாக வைப்பது சர்வதேச வழக்கம், தூரம் குறைந்து போகக் கூடாது என்பதற்காக.

ஒன்று விட்டுப்போனது. 2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டபோது அந்தப் பகுதி முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. பாதை ஓரம் அரித்துப் போன இடங்கள் மேலே பார்த்தால் தெரியாது, கால் வைத்தால் சரியும். ஒவ்வொரு அடியாக நடந்து பார்த்து, சந்தேகம் இருக்கிற இடத்தில் கயிறு கட்டுங்கள். பிப்ரவரியில் இரண்டு நாள் மழை வந்தாலும் அங்கே சேறுதான், அதனால் மாற்றுத் தேதி ஒன்றை இப்போதே முடிவு செய்து அறிவித்துவிடுங்கள்.


இரவுப்பணிசெவிலி எழுதியது:

மேலே அண்ணன் சொன்னதோடு மருத்துவப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன். இருபது வருடமாக டெல்லியில் செவிலியர் வேலை, ஓட்டங்களில் மருத்துவக் கூடாரத்திலும் இருந்திருக்கிறேன்.

முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகு மயங்கி விழுகிறவர்கள் நிறையப் பேர், பயப்பட வேண்டாம். ஓடிக்கொண்டிருந்த கால் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதனால் பதக்கம் கொடுக்கும் இடத்தைக் கோட்டிலேயே வைக்காமல் நூறு மீட்டர் தள்ளி வைத்து நடக்க விடுங்கள். ஆனால் ஓடும் வழியில், கோட்டுக்கு முன்னாலேயே விழுகிறவரை வேறு மாதிரி பார்க்க வேண்டும். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது திணறல் மூச்சு என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து ஆறு செ.மீ. ஆழம். எலும்பு முறியுமோ என்று தயங்க வேண்டாம். இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் கருவி ஒன்றாவது வாடகைக்கு வாங்குங்கள், அதை மேடையில் வைக்காமல் நடு மேஜையில் வையுங்கள். உங்கள் தன்னார்வலர்கள் எல்லோருக்கும் ஒரு ஞாயிறு இதற்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். நான் வந்து சொல்லித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

தண்ணீர். குறைந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும், கூடினாலும் ஆபத்து என்பது தெரியாது. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது, ஓடும்போது குடித்துக் குடித்தே எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம். மெதுவாக வருகிறவர்கள் ஒவ்வொரு மேஜையிலும் நின்று இரண்டு டம்ளர் குடிப்பார்கள், உங்கள் பையன்களும் அன்பாக "குடிங்க குடிங்க" என்பார்கள். தாகம் எடுத்தால் குடியுங்கள் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு ஒன்று. அரை டம்ளரில் ஒரு பாக்கெட்டைக் கொட்டிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அது வாந்தியில் முடியும். முதல் நாள் இரவே யாரும் கலக்கி வைக்கவும் வேண்டாம்.

காற்றைப் பற்றி யாருமே பேசவில்லையே. டெல்லி அரை மராத்தானையே நவம்பரிலிருந்து 2018இல் அக்டோபருக்கு மாற்றினார்கள். பிப்ரவரி கடைசி பரவாயில்லை, ஆனாலும் காலை 5 மணிக்குக் காற்றுத் தரக் குறியீடு 200க்கு மேல் போனால் 21 கி.மீ. கிடையாது, 300க்கு மேல் போனால் ஓட்டமே கிடையாது என்று இப்போதே எழுதி அறிவித்துவிடுங்கள். அன்று காலை 350 பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த முடிவை எடுக்க உங்களால் முடியாது. பிப்பின் பின்பக்கம் வீட்டு போன் எண், ஆஸ்துமா, சர்க்கரை, மருந்து ஒவ்வாமை எழுத இடம் விடுங்கள், எழுதாதவரை ஓட விடாதீர்கள்.


பழையகரோல்பாக் எழுதியது:

அனுமதி விஷயம். இடம் டிடிஏவுக்கு (டெல்லி வளர்ச்சி ஆணையம்) சொந்தம், அவர்கள் கடிதம் வந்த பிறகுதான் போலீஸ் நிலையம் உங்கள் மனுவையே பார்க்கும், அதனால் வரிசையை மாற்றிப் போடாதீர்கள். அது வெள்ளச்சமவெளி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2016 மார்ச்சில் இதே யமுனைச் சமவெளியில் நடந்த பெரிய கலைவிழாவுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. நீங்கள் சின்ன ஆட்கள்தான், இருந்தாலும் குழி தோண்டிக் கம்பம் நடுவது, ஜல்லி கொட்டுவது எல்லாம் வேண்டாம். மணல் மூட்டை கட்டி நிறுத்தும் வளைவு போதும்.

பிளாஸ்டிக் டம்ளர், தெர்மாகோல், மெல்லிய பிவிசி பேனர் மூன்றும் 2022 ஜூலை 1 முதல் தடை. மைக் செட்டைக் காலை 6 மணிக்கு முன்னால் தொடவே கூடாது, இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை இருக்கிறது. சூரியன் வருவதே அப்போது 6:50 வாக்கில்தான், எனவே முதல் அறுபது பேரை 6:45க்கு விட்டால் எல்லாம் பொருந்தும்.

ஓட்டக் கட்டணத்தையும் நன்கொடையையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். டி-ஷர்ட்டும் சாப்பாடும் வாங்கிக்கொண்டு கட்டிய பணம் நன்கொடை ஆகாது, வரி ரசீது கேட்டு வருகிறவரிடம் பிறகு வாதாட வேண்டியிருக்கும்.


கிழக்குக்கரை எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. இன்று சாயங்காலமே எங்கள் ஆட்களோடு பேசினேன். ஆம்புலன்ஸை மேடை பக்கத்தில்தான் நாங்களும் போட்டிருந்தோம். 42 வேண்டாம் என்பதில் இரண்டு பேருக்கு வருத்தம், ஆனால் ஒத்துக்கொண்டார்கள்.

பிரிவுகளை மாற்றிவிட்டோம்: 21 கி.மீ. 80 பேர், 10 கி.மீ. 150, 5 கி.மீ. 120. பத்தும் ஐந்தும் 2.5 கி.மீ.யில் திரும்பிவிடும். மேஜை மூன்று: தொடக்கம், 1.75 கி.மீ., 3.5 கி.மீ. எத்தனை ஜார் வாங்குவது? சாப்பாட்டுக்கு வெண்பொங்கலும் இட்லியும் சொல்லியிருக்கிறோம், ஓடும் முன்னாலேயே கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள்.


புஷ்தாரோடு எழுதியது:

இப்படிப் போடுங்கள். 21 ஓடுகிறவர் ஒரு சுற்றில் நான்கு முறை மேஜையைத் தாண்டுவார், மூன்று சுற்றுக்கு 12. பத்து ஓடுகிறவர் 6, ஐந்து ஓடுகிறவர் 3. 960, 900, 360, ஆக 2,220 டம்ளர். டம்ளருக்கு 150 மி.லி. வைத்தால் 333 லிட்டர், அதாவது 20 லிட்டர் ஜார் 17. முடித்து வருகிறவருக்கு ஆளுக்கு அரை லிட்டர், 9 ஜார். 26 ஆகிறது, முப்பதாக வாங்குங்கள். இதில் பாதிக்கு மேல் நடு மேஜையில்தான் தீரும், எல்லா மேஜைக்கும் சமமாகப் பிரித்து வைத்துவிட்டுப் பிறகு ஜாரைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஜார்களை வெளிச்சம் வரும் முன்பே ரிக்‌ஷாவில் கொண்டு போய் இறக்கிவிட வேண்டும், முதல் ஆள் கிளம்பிய பிறகு பாதையில் சரக்கு வண்டி எதுவும் ஓடக் கூடாது.

காகித டம்ளர் வாங்குங்கள், குப்பைக் கூடையை மேஜையிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி வையுங்கள், குடித்துக்கொண்டே ஓடி அங்கேதான் போடுவார்கள். கூடைக்குப் பக்கத்தில் கோணிப்பையோடு ஒரு ஆள் நின்றே ஆக வேண்டும், காற்று அடித்தால் அத்தனையும் ஆற்றில்தான் போய் விழும். இருக்கிற அழுக்கு போதாதென்று நாம் வேறு சேர்க்கக் கூடாது.

பொங்கல் ஓடி முடித்த பிறகு மட்டும். நெய்யும் மிளகும் போட்ட சூடான பொங்கலை 6 மணிக்குக் கொடுத்தால் இரண்டாவது சுற்றிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முன்னால் அரை வாழைப்பழம், கடலை மிட்டாய் போதும். தோலைப் பாதையில் போட விடாதீர்கள். ஓடி முடித்து வியர்வையோடு நிற்கும்போது ஆற்றுக் காற்று குளிரும், பை வைத்த இடத்தில் வரிசை நீண்டால் ஸ்வெட்டர் கைக்கு வராமல் நடுங்குவார்கள், பைகளை பிப் எண் வரிசையில் அடுக்க நான்கு பேரைப் போடுங்கள். சுக்குக் காபி கண்டிப்பாக வையுங்கள்.

கழிப்பறையைப் பற்றி நீங்கள் ஒரு வரி கூட எழுதவில்லை. ஓட்டத்துக்கு முந்தைய நாற்பது நிமிடத்தில் 350 பேரும் ஒரே நேரத்தில் போவார்கள். நான் பார்த்த ஒரு ஓட்டத்தில் நானூறு பேருக்கு நான்கு வைத்து, பெண்கள் வரிசை நகராமல் தொடக்கத்தையே இருபது நிமிடம் தள்ளினோம். குறைந்தது எட்டு வையுங்கள், அதில் ஐந்து பெண்களுக்கு, ஒன்று திரும்பும் முனையில்.


நரேலாவிலிருந்து எழுதியது:

நான் கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவள். இப்போது நரேலாவில் இருக்கிறோம். தங்கச்சி பத்தாவது படிக்கிறாள், நீங்கள் சொன்ன மாதிரி விடியும் முன்னால் கிளம்புகிற பிள்ளைகளில் ஒருத்தி.

எங்கள் பக்கத்திலிருந்து பிள்ளைகளும் அம்மாக்களும் ஒரு நாற்பது பேர் வர ஆசைப்படுகிறோம். மேடையில் வரிசையாக நிற்க வைத்து போட்டோ எடுப்பதற்காக இல்லை. ஓடுகிறவர்கள் ஓடட்டும், மற்றவர்களுக்கு வேலை கொடுங்கள். நடு மேஜையை எங்களிடம் விட்டுவிடலாம், விடியற்காலையில் வேலை பார்ப்பது எங்கள் அம்மாக்களுக்குப் பழக்கம். ஒரே பிரச்சினை வருவதுதான். நரேலாவில் மெட்ரோ கிடையாது, ஞாயிறு 5 மணிக்கு யமுனைக் கரையில் நிற்க வேண்டும் என்றால் தனி பஸ் வேண்டும், நாங்கள் 3:30க்கே தயாராக இருப்போம். திரும்பும் பஸ்ஸும் சொல்லி வையுங்கள், போன முறை ஒரு நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போனவர்கள் முடிந்ததும் போய்விட்டார்கள், நாங்கள் பிள்ளைகளோடு மூன்று பஸ் மாறி வீடு வந்தோம்.


கிழக்குக்கரை எழுதியது:

தங்கச்சி, பஸ் போக வர இரண்டுக்கும் நாளைக்கே முன்பணம் கட்டிவிடுகிறேன், மேடைக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து. மேடையே வேண்டாம் என்று தோன்றுகிறது, ஒரு மேஜையும் கையில் பிடிக்கும் மைக்கும் இருந்தால் போதும். நடு மேஜை உங்களுடையது. செவிலி அக்காவின் பயிற்சிக்கு உங்களில் நான்கு பேராவது வர வேண்டும், அந்தக் கருவி உங்கள் மேஜையில்தான் இருக்கப் போகிறது. அன்றைக்கும் வண்டி அனுப்புகிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை 7 மணிக்கு நாங்கள் பாதையை ஒரு முறை முழுக்க நடக்கிறோம். எத்தனை வாசல், எதில் தூண் இருக்கிறது, எது பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று எழுதிக்கொண்டு வரப் போகிறோம். கூட வர முடிந்தவர்கள் லட்சுமி நகர் மெட்ரோ வாசலுக்கு 6:30க்கு வாருங்கள். இரும்பு டேப் இருக்கிறது, சைக்கிள்தான் இல்லை.


புஷ்தாரோடு எழுதியது:

சைக்கிள் நான் கொண்டு வருகிறேன் தம்பி. வெள்ளி ராத்திரி டயருக்குக் காற்று அடித்து வைக்கிறேன். நீங்கள் சுண்ணாம்புக் கட்டியும் நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.